கோல்ஃப் பந்து குளிப்பு

கோல்ஃப் பந்து குளிப்பு என்பது, கோல்ஃப் மைதானங்களிலுள்ள குளங்களிலும் ஓடைகளிலும் ஆட்டக்காரர்கள் இழந்த பந்துகளை நீரில் மூழ்கி எடுத்து, தூய்மை செய்து, மறுவிற்பனைக்கு அளிக்கும் ஜீவனோபாயமாகும். ஆண்டு முழுவதும் ஆட்டம் நடைபெறுவதும் நீர்நிலைகள் மலிந்ததுமான அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இது முழுநேரத் தொழிலாக வேரூன்றியிருக்கிறது. கனடாவின் டொராண்டோ போன்ற குளிர்ப் பிரதேசங்களிலோ, பனி உருகுவதற்கும் நீர் மீண்டும் உறைவதற்கும் இடைப்பட்ட மாதங்களில் மட்டும் செய்யத்தக்க பருவத் தொழிலாக நிற்கிறது. செல்வர்களின் பொழுதுபோக்கை ஒட்டிப் பிறந்த தொழிலாயினும், கண்ணுக்குப் புலனாகாத சேற்றில் கைவிரல்களை நம்பிச் செய்யப்படும் கடினமான உழைப்பாதலின், முத்துக்குளிப்புக்கும் சங்குகுளிப்புக்கும் நாம் அளிக்கும் மதிப்பு இதற்கும் உரியது.

பந்தின் இயல்பு

ஆட்ட விதிகளின்படி பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், எடை 45.93 கிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இவ்வளவுகளை ஒட்டிச் செய்யப்படும் பந்து நீரைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்திருப்பதால், நன்னீரிலும் கடல்நீரிலும் தவறாமல் மூழ்கிவிடுகிறது. 1848-ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்த பந்து, மலாய் நாட்டு மரங்களின் பாலாகிய கட்டாபெர்ச்சாவினால் ஆயது. அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கெல் 1899-இல் காப்புரிமை பெற்ற பந்து, ரப்பர் இழையை இறுகச் சுற்றிச் செய்யப்பட்டது. இக்காலத்துப் பந்துகளோ செயற்கை ரப்பர் உட்கருவும் கெட்டியான பிளாஸ்டிக் மேலுறையும் உடையவை. இழை சுற்றிய பழைய பந்துகளைக் காட்டிலும் இவை நீரினால் கெடுவது குறைவாதலால், குளத்தடியில் சில காலம் கிடந்த பந்தும் விலை பெறுகிறது. நெடுங்காலம் ஊறிய பந்து மட்டும் பாய்ச்சலில் சற்றுத் தளர்ச்சியடைகிறது.

தொழில்முறை

ஃபுளோரிடாவின் பான்டி வீட்ரா பீச்சில் பீட் டை வடிவமைத்து 1980-இல் திறக்கப்பட்ட சாக்ராஸ் மைதானத்தின் 17-ஆவது குழி, நீர் சூழ்ந்த சிறு திட்டில் அமைந்தது. அந்த ஒரு குழியைச் சூழ்ந்த நீரில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பந்துகள் விழுகின்றனவென்று சொல்லப்படுவதிலிருந்து, இத்தொழிலுக்கு மூலப்பொருள் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறதென்பதை ஊகிக்கலாம்.

மைதான நிர்வாகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனமோ தனி ஆளோ, எடுக்கும் பந்துக்கு இவ்வளவு என்று நிர்வாகத்துக்குப் பணமாகச் செலுத்துவதோ, அதற்கு ஈடாக ஒரு பகுதிப் பந்துகளைப் பயிற்சித் திடலுக்குத் திருப்பித் தருவதோ வழக்கம். குளியாளி காற்றுக்கலம், ரப்பர் உடை, வலைப்பை ஆகியவற்றுடன் இறங்குகிறார். நீந்துவதற்கன்றித் தரையிலேயே தங்கித் தவழ்வதற்காக, வழக்கத்துக்கு மிகுதியான ஈயக்கட்டிகளை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். அடியைத் தொட்டவுடன் வண்டல் கிளம்பி நீர் கறுத்துவிடுவதால், அதன்பின் கண்ணுக்கு அங்கே வேலையில்லை. இரு கைகளையும் சேற்றுக்குள் மணிக்கட்டு வரை நுழைத்து, அரைவட்டமாகத் துழாவி, உருண்டையாகத் தட்டுப்படுவது கல்லா பந்தா என்பதை மேற்பரப்பிலுள்ள குழிகளின் ஸ்பரிசத்தாலேயே அறிந்து பையிலிடுகிறார். பை நிறைந்ததும் கரைக்கு இழுத்துக் கொட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறார். ஆழமற்ற குளங்களில், வட்டத் தகடுகளை நெருக்கமாகக் கோத்த உருளையைக் கயிற்றால் இழுத்து, தகடுகளுக்கிடையே பந்துகள் சிக்குமாறு செய்யும் முறையும் உண்டு.

எடுத்த பந்துகள் கழுவப்பட்டு, தயாரிப்பாளரின் பெயர்வாரியாகவும், மேலுறையின் பளபளப்பு, கீறல், கறை ஆகியவற்றின்படியும் தரம் பிரிக்கப்படுகின்றன. புதியது போன்ற பந்து நல்ல விலை பெறும். கறை படிந்தது பயிற்சித் திடலுக்குப் போகும். மேற்பூச்சை நீக்கிப் புதுப்பூச்சுப் பூசியவை தனி இனமாக விற்கப்படும்.

ஊதியம்

குளியாளிக்குப் பெரும்பாலும் பந்தின் எண்ணிக்கைப்படியே கூலி. பந்தொன்றுக்குச் சில சென்ட் மட்டுமே கிடைப்பதால், ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் எடுத்தாலன்றி வருவாய் போதாது. மன்னார் வளைகுடாவில் அரசாங்க ஏகபோகமாக நடைபெற்ற தூத்துக்குடிச் சங்குகுளிப்பிலும் கூலிமுறை இத்தகையதே. ஆயினும், குறித்த விட்டத்தினும் சிறிய சங்கைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டுமென்ற விதி அங்கு இருந்தது. சங்கு வளரும் உயிராதலின் அவ்விதி அவசியமாயிற்று. பந்து வளர்வதன்று, அதை நீரில் விட்டுவைப்பதால் எவருக்கும் பிரயோஜனமில்லை.

அபாயங்கள்

ஃபுளோரிடாவில் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர்களும் நச்சுப்பாம்புகளும் அபாயமானவை. எனினும், எல்லாப் பிரதேசங்களுக்கும் பொதுவான அபாயங்கள் வேறு: இருளில் தூண்டில் நரம்பிலோ நீர்க்கொடியிலோ சிக்கிக்கொள்ளுதல், உடைந்த கண்ணாடியால் கை கிழிதல், பூச்சிமருந்தும் உரமும் கரைந்து வந்த நீரை விழுங்குதல், துணையாளின்றித் தனியே மூழ்குதல். இத்தொழிலில் உயிரிழந்தோரும் உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தில் கூலிக்கு நடைபெறும் மூழ்குவேலைகளுக்கு 1994-ஆம் ஆண்டின் 629-ஆம் எண் ஒழுங்குவிதி பொருந்தும். மேற்பார்வையாளரும், ஆபத்தில் உதவ ஆயத்தமாக நிற்கும் மாற்றுக் குளியாளியும் வேண்டுமென்பது அதன் சாரம். சில சென்ட் கூலிக்காக இக்காப்புகளைக் கைவிடும்படி எந்த மனிதனையும் நிர்ப்பந்திப்பது நியாயமாகாது.

சட்டநிலை

ஆட்டக்காரர் தேடாமல் விட்டுச்சென்ற பந்து யாருக்குச் சொந்தம் என்பதை இங்கிலாந்து நீதிமன்றம் 1948-இல் ஹிபர்ட் எதிர் மக்கியர்னன் வழக்கில் பரிசீலித்து, அத்துமீறி நுழைந்து அதனை எடுத்தல் திருட்டே எனத் தீர்ப்பளித்தது. 2002-இல் லெஸ்டர்ஷயரின் வெட்ஸ்டன் மைதானக் குளத்தில் இரவில் மூழ்கிப் பந்தெடுத்த ஒருவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது பலர் அவருக்காகக் குரலெழுப்பினர். மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனையை மட்டும் நீக்கி, நிபந்தனையுடன் அவரை விடுவித்தது. அனுமதி பெற்று இறங்குபவன் தொழிலாளி, பெறாமல் இறங்குபவன் குற்றவாளி என்னும் இவ்வேறுபாடு, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் அவசியத்தை வலியுறுத்துகிறது.

ரூஜ் பிரதேசம்

பந்தெடுப்போர் சுற்றுச்சூழலையும் கருதவேண்டிய இடத்துக்கு ரூஜ் பிரதேசம் ஓர் உதாரணம். டொராண்டோவின் கிழக்கெல்லையில், தமிழர் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோவை ஒட்டிய ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, 2015-இல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக வகுக்கப்பட்டு, இன்று 79 சதுர கிலோமீட்டர் பரப்புடன் விளங்குகிறது. சீடர் பிரே கோல்ஃப் மைதானம் இப்பள்ளத்தாக்கில் உள்ளது. நகராட்சிக்குச் சொந்தமான டாம் ஓ ஷான்டர் மைதானமோ ஸ்கார்பரோவில் ஹைலண்ட் ஓடையை ஒட்டியது. ரூஜ் ஆறும் ஹைலண்ட் ஓடையும் ஒன்டாரியோ ஏரியிற் கலப்பவையாதலால், வெள்ளம் வரும்போது ஓடையிற் கிடக்கும் பந்து ஏரியை நோக்கி நகரக்கூடும். டொராண்டோ விலங்குக்காட்சி சாலையார் 2014 முதல் ரூஜ் சதுப்புகளில் விடுவித்துவரும் பிளாண்டிங் ஆமைகள், குளிர்காலத்தை நீரடியிலேயே கழிப்பவை. இத்தகைய பிரதேசத்தில் சேற்றைத் துழாவும் வேலையை, ஆமைகள் ஒடுங்குமுன் முடித்துவிடுதல் முறையாகும்.

சூழற்பயன்

கலிபோர்னியாவின் பெபிள் பீச் கடற்கரையோரம் ஒரு பள்ளி மாணவியும் அவருடைய துணைவர்களும் இரண்டு ஆண்டுகளில் 50,681 பந்துகளைக் கடலடியிலிருந்து எடுத்த விவரம், 2019-இல் அறிவியல் இதழொன்றில் கட்டுரையாக வெளிவந்தது. அலைகளில் உராய்ந்து பந்தின் மேலுறை நுண்துகளாகித் தேய்வதையும், உட்கருவில் துத்தநாகச் சேர்மங்கள் அடங்கியிருப்பதையும் அக்கட்டுரை சுட்டிக்காட்டியது. ஆகவே, கூலிக்காகப் பந்தெடுக்கும் குளியாளி, தம் ஜீவனத்தோடு நீர்நிலையின் ஆரோக்கியத்தையும் பேணுகிறவராகிறார். இந்த இரண்டாவது சேவைக்கு அவருக்கு இன்று ஊதியமில்லை. மைதானங்கள் பந்து எடுத்தலை வருவாய்க்குரிய உரிமமாக மட்டும் கருதாமல், நீரைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் கடமையின் அங்கமாகக் கொண்டு, பாதுகாப்பான உபகரணங்களுக்கும் துணையாளுக்கும் உரிய செலவைத் தாமே ஏற்றல் வேண்டும்.