கென்ட் கவுண்டி மன்றம்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள கென்ட் கவுண்டியின் உள்ளாட்சி மன்றம், 1889இல் தொடங்கியது. தலைமையிடம் மெய்ட்ஸ்டோன். உறுப்பினர்கள் 81 பேர். சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை இதன் பொறுப்பு. 1997 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டையாக இருந்தது. 2025 மே 1 தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை ஐந்தே இடங்கள்; ரிஃபார்ம் யுகே கட்சி 57 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆளுங்கட்சிக் கூட்டத்தின் காணொளி கசிந்து உட்பூசல் வெடிக்க, சிலர் கட்சியை விட்டு நீக்கப்பட்டனர். இங்கே கட்சித்தாவல் தடைச் சட்டம் கிடையாது. கட்சி போனாலும் பதவி போகாது. ஆனால் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு இடங்கள் கட்சி பலத்துக்கேற்பப் பகிரப்படுவதால், ஒருவர் அணி மாறினாலும் கணக்கு மாறலாம். வாக்காளர் தலையிட வழியில்லாதது பெருங்குறையே. வழமைப்படி அடுத்த தேர்தல் 2029 மே மாதம். கவுண்டி, மாவட்டம் என்ற ஈரடுக்கு மன்றங்களை ஒன்றாக்கும் அரசுத் திட்டம் அதற்குள் நிறைவேறினால் இந்த மன்றமே இராது.