சூடான அறையின் வரலாறு

ஹாட் யோகா வகுப்பில் புதிதாகச் சேரும் பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லா இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது, துண்டும் தண்ணீரும் கொண்டுவர வேண்டும், தலை சுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த அறையைச் சூடாக்கியவர் யார், அங்கே பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. வியர்வை சிந்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

நவீன யோகாசனப் பயிற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஆண்களின் கூடங்களிலேயே வளர்ந்தது. ரீகாவில் பிறந்த இந்திரா தேவி 1930களின் இறுதியில் மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்கச் சென்றபோது, பெண் என்பதும் வெளிநாட்டவர் என்பதும் தடையாயின. மகாராஜா பரிந்துரைத்த பிறகே இடம் கிடைத்தது. அதே இந்திரா தேவி 1940களின் இறுதியில் ஹாலிவுட்டில் யோகா நிலையம் தொடங்கி, அமெரிக்கப் பெண்களிடம் ஆசனங்களைக் கொண்டுசேர்த்தார். கல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷ் 1923இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியின் மரபிலும் பெண்கள் இருந்தார்கள். தன் மார்பின் மீது யானை கால் வைத்து ஏறுவதைத் தாங்கிக் காட்டிய ரேபா ரக்ஷித் கோஷின் மாணவிதான். ஆனால் அந்த மரபின் பெயரால் உலகெங்கும் புகழும் பணமும் ஈட்டியவர் கோஷின் இன்னொரு மாணவரான பிக்ரம் சௌத்ரி.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற அவர், 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடங்கள் என்று ஒரு வகுப்பை வரையறுத்தார். அறையின் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம். 1978இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே அதைத் தொடக்கநிலை வகுப்பு என்றுதான் அழைத்தது. நேற்று சேர்ந்தவருக்கும் பத்தாண்டு பழகியவருக்கும் ஒரே வரிசை, ஒரே சூடு. நடுவில் அறையை விட்டு வெளியே போவது மனவுறுதிக் குறைவாகப் பார்க்கப்பட்டது.

இந்த வகுப்பை நடத்த விரும்பியவர் ஒன்பது வாரப் பயிற்சிக்கு வர வேண்டியிருந்தது. கட்டணம் பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்தது. ஆசிரியர் பேச வேண்டிய வசனத்தை வரி மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. சான்றிதழ் தந்தவரும், தொழில் செய்ய அனுமதித்தவரும், குருவும் ஒருவராகவே இருந்தார். அவரை எதிர்த்துப் பேசினால் பிழைப்பே போய்விடும் நிலை இருந்தது. 2013 முதல் பல பெண்கள், அவர்களில் பயிற்சிக்கு வந்த மாணவிகளும் உண்டு, அவர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளுடன் உரிமையியல் வழக்குகள் தொடர்ந்தனர். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். அவரிடம் சட்ட ஆலோசகராக வேலை பார்த்த மீனாட்சி ஜாஃபா-போடன், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகவும், அங்கு எழுந்த புகார்களை விசாரிக்க முயன்றதால் வேலையை விட்டு நீக்கப்பட்டதாகவும் வழக்குத் தொடுத்தார். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இழப்பீடும் தண்டத் தொகையும் சேர்ந்து 70 லட்சம் டாலரைத் தாண்டின. அந்தத் தொகை செலுத்தப்படாததால் 2017இல் பிக்ரமுக்குக் கைதாணை பிறப்பிக்கப்பட்டது. அதற்குள் அவர் நாட்டை விட்டுப் போயிருந்தார்.

இதற்கிடையே 2015இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்த 26 ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பல நிலையங்கள் அவர் பெயரை நீக்கிவிட்டு அதே வரிசையைக் கற்பிக்கின்றன. பயிற்சியை வைத்துக்கொண்டு குருவை விட்டுவிடலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

சூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இதே வரிசையைச் சூடான அறையிலும் சாதாரண அறையிலும் 12 வாரங்கள் செய்தவர்களை ஒப்பிட்டார்கள். இரத்தக் குழாய்களின் செயல்பாடு இரு பிரிவினருக்கும் மேம்பட்டது. அந்தப் பலனுக்குச் சூடு அவசியமாக இருக்கவில்லை. வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரியும், இரத்த அழுத்தம் இறங்கும், தலை கிறுகிறுக்கும். அது உடல் நமக்குத் தரும் தகவல். கர்ப்பிணிகளும் இதய நோய், இரத்த அழுத்தப் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அறைக்குள் போகக்கூடாது.

பொறுத்துக்கொள்வதைப் பெண்களுக்குச் சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். சூடான அறையில் அந்தப் பழக்கத்துக்கு ஒழுக்கம் என்று பெயர் கிடைத்தது. எனவே சேரும் முன் கேளுங்கள். நடுவில் வெளியே போகலாமா? உடலைத் தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்பீர்களா? புகார் என்றால் யாரிடம் சொல்வது? இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, அங்கே வேலை செய்யாத பெண்ணும் புகார் தரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், சிறிய நிலையம் என்றால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் பாயை விரியுங்கள். கதவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் முதல் சில நாட்களுக்கு அதுவே நல்லது.