நீர்க்குறி முதல் யூரியா வரை

நோயாளியின் சிறுநீரிலே ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பென நீள்கிறதா, மோதிரமென வளைகிறதா, முத்தென நிற்கிறதா என்று நோக்கினர் சித்த வைத்தியர். வாத, பித்த, கபங்களை அதனால் கணித்தனர். நெய்க்குறி என்று நம் முன்னோர் கூறியது இதுவே. ஆயினும், அந்நீருள் கரைந்திருப்பது யாது என்ற வினாவுக்கு விடைகாண இரசாயனம் வளர வேண்டியிருந்தது.

1773இல் பிரான்சின் ரூயெல் சிறுநீரிலிருந்து யூரியாவைப் பிரித்தெடுத்தார். 1821இல் பிரிவோவும் டூமாவும் விலங்குகளின் சிறுநீரகங்களை அகற்றிப் பார்த்தனர். யூரியா இரத்தத்திலே தேங்கியது. ஆகவே சிறுநீரகம் அதனை ஆக்குவதில்லை, வெளியேற்றுகிறது என்பது தெளிவாயிற்று. 1828இல் ஜேர்மனியின் வோலர் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். உயிர்ப்பொருளை உயிர்தான் ஆக்கும் என்ற பழங்கொள்கை ஆட்டங்கண்டது.

இவ்விரசாயனம் யாழ்ப்பாணத்திற்குத் தமிழிலேயே வந்தது என்பது நினைவுகூரத்தக்கது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவரது 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தது. அவரை அனுப்பியோரின் நோக்கம் மதப்பணி. எனினும் அறிவு மக்கள் மொழியிலே இறங்கிவந்தது.

இன்றைய சோதனை சொல்வதென்ன? உணவின் புரதம் சிதைகையில் எழும் நைதரசன் கழிவை ஈரல் யூரியாவாக்குகிறது. சிறுநீரகம் அதனை வடித்து அகற்றுகிறது. வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 35 கிராம் வரை வெளியேற்றுவர். அதனை அளக்க 24 மணிநேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்தல் வேண்டும். அளவு குறைந்தால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். அன்றி, அம்மனிதன் புரத உணவே காணாதிருக்கலாம்! நோயும் வறுமையும் அந்த ஓர் எண்ணிலே ஒரே முகம் காட்டுகின்றன. இரத்தத்தின் யூரியாவையும் கிரியேற்றினினையும் உடன் நோக்கினாலே வேறுபாடு புலப்படும். நீர் குறைந்த உடலிலும் இரத்த யூரியா உயரும் என்பதையும் மறத்தலாகாது.

நெடுந்தீவையும் நயினாதீவையும் எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் கடல், நன்னீர்க் கிணறோ அரிது. வெயிலிலே உழைப்பவனுக்குக் குடிநீரே கவலை. சிறுநீரகச் சிறப்புச் சிகிச்சை வேண்டுவோர் படகேறிக் குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் செல்லவேண்டும். ஒருநாட் கூலியை இழந்து அவ்வாறு செல்வது எளிதன்று. சிறுநீரக நோயோ தொடக்கத்தில் ஓசையின்றி வளர்வது; வீக்கமும் சோர்வும் தோன்றுகையில் பெரும்பகுதி அழிந்திருக்கவுங் கூடும்.

ஆதலால் சோதனையைத் தீவின் கரைக்கே கொணர்தலும், அதன் முடிவை நோயாளிக்குத் தமிழிலே விளக்குதலும், அவன் உண்டதென்ன, குடித்ததென்ன என்று வைத்தியர் வினவுதலும் சலுகைகளல்ல, உரிமைகள். மாணவர்க்கு யூரியாவைப் பாடமாகப் போதிக்கும் ஆசிரியர் இதனையும் சேர்த்தே போதித்தல் வேண்டும்.