திரை மேற்கு - 12: இரண்டு பாட்டுக்காரர்கள்

1933-ல் வெளிவந்த 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தில், வில்லனைச் சுடத் தெருவில் நடந்துவரும் ஜான் வெய்ன் பாடிக்கொண்டே வருவார். குரல் இரவல். அந்த வேடம் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை.

அதைப் பிடித்துக்கொண்டவர் ஜீன் ஆட்ரி. டெக்சாஸ்காரர். ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்துவிட்டு, வானொலியிலும் இசைத்தட்டிலும் பேர் வாங்கியவர். 1935-ல் புதிதாக முளைத்த ரிபப்ளிக் நிறுவனம் அவரை நாயகனாக்கி 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' எடுத்தது. படம் ஒரு மணி நேரம்தான். செலவும் சொற்பம்.

தொடர்ந்து வந்த படங்களிலும் அதே கூட்டணி: சிரிப்புக்கு ஸ்மைலி பர்னெட், சொன்ன பேச்சைக் கேட்கும் குதிரை சாம்பியன், ஊரை ஏய்க்கும் ஒரு பணக்காரன், இடையிடையே பாட்டு. நாயகன் குதிரையில் துரத்துவான். வில்லன் காரில் தப்புவான். இது எந்தக் காலத்துக் கதை என்று யாரும் கேட்கவில்லை. பொருளாதார மந்தத்தில் நொந்துபோயிருந்த சிற்றூர்க் கொட்டகைகள் நிரம்பின.

அங்கேதான் நிறுவனம் ஒரு வியாபாரத் தந்திரம் செய்தது. ஆட்ரி படம் வேண்டுமென்றால், தன்னுடைய மற்றப் படங்களையும் கொட்டகைக்காரர்கள் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றது. தன் பேரைக் காட்டி மற்றச் சரக்கையும் தள்ளிவிடுகிறார்களே, சம்பளம் மட்டும் ஏறவில்லையே என்று ஆட்ரிக்குப் பொறுக்கவில்லை. 1938-ல் படப்பிடிப்புக்கு வராமல் நின்றுவிட்டார்.

நிறுவனம் அசரவில்லை. ஆட்ரி படங்களில் துண்டு வேடங்களில் தலைகாட்டிய லெனர்ட் ஸ்லை என்ற பாடகரைக் கூப்பிட்டு, ராய் ரோஜர்ஸ் என்று பேர் சூட்டி, ஆட்ரிக்கு வைத்திருந்த கதையைக் கொடுத்தது. அதுதான் 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்'. வறட்சியில் தவிக்கும் ஊருக்குத் தண்ணீர் கேட்டு, தேர்தலில் நின்று ஜெயித்து வாஷிங்டன் போகிறான் கௌபாய். புழுதியைப் பற்றி அவன் பாடிய பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ராய் ரோஜர்ஸ் ஒரே படத்தில் நட்சத்திரமாகிவிட்டார்.

அதே ஆண்டில் கூடுதல் சம்பளத்துக்கு ஆட்ரி திரும்பி வந்தார். அடக்கி வைக்கக் கொண்டுவந்த போட்டியாளரும் போகவில்லை. சண்டையில் தோற்றவர் எவருமில்லை. ரிபப்ளிக் கல்லாவில் மட்டும் இரட்டை வசூல்.

(அடுத்த வாரம்: 1942-ல் வானொலி நிகழ்ச்சியிலேயே ராணுவ உறுதிமொழி எடுத்த ஆட்ரியும், காலியான சிம்மாசனமும்)