சிப்பூர்த் தோட்டம்

ஊரிலிருந்து உறவினர் கல்கத்தாவுக்கு வந்துவிட்டால், எங்கே அழைத்துச் செல்வது என்பதே நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி. விக்டோரியா மண்டபமும் அலிப்பூர் மிருகக்காட்சிசாலையும் யாவரும் அறிந்தவை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஹூக்ளிக்கரைச் சிப்பூர்த் தாவரவியல் தோட்டத்திற்குச் செல்வதையே யான் சிறப்பெனக் கருதுகிறேன்.

இத்தோட்டம் உல்லாசத்திற்கென எழுந்ததன்று. 1770-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் வங்கம் இலட்சக்கணக்கான உயிர்களை இழந்தது. பஞ்ச காலத்திற்கு உதவும் உணவுப் பயிர்களை வளர்த்தல் வேண்டுமெனக் கர்னல் ராபர்ட் கைட் கும்பினியாருக்கு எழுதினார்; 1787-இல் தோட்டம் அமைந்தது. கும்பினியாரின் நாட்டமோ கப்பல் கட்டும் தேக்கிலும் வாசனைப் பயிர்களிலும் சென்றது. வணிகர் அல்லரோ! தேக்கு அம்மண்ணில் செழிக்கவில்லை. 1793-இல் பொறுப்பேற்ற ராக்ஸ்பரோ, முன்னர்ச் சென்னை மாகாணத்தில் பல்லாண்டு பணிபுரிந்தவர். நம் நாட்டு ஓவியரைக் கொண்டே இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட செடிகளை அவர் வரைவித்தார்.

ஆலமரத்தைக் காணாது திரும்பலாகாது. 1864, 1867-ஆம் ஆண்டுப் புயல்களில் முறிவுற்றுப் பூஞ்சணம் பற்றிய அதன் அடிமரத்தை 1925-இல் அகற்றிவிட்டனர். குழந்தைகள் அடிமரத்தைத் தேடுவர். விழுதுகளே காடாய் நிற்கின்றன. 2020-இல் வீசிய அம்பன் புயலிலும் மரம் சேதமுற்றது. ஆயினும் நிற்கிறது.