பொருள்சார் ஆய்வு வழிகாட்டி

ஒரு துறையில் புதிதாகத் தேடல் தொடங்குபவருக்காகப் பல்கலைக்கழக நூலகம் தயாரித்து வைக்கும் தேர்ந்த பட்டியலே பொருள்சார் ஆய்வு வழிகாட்டி. எந்தக் கலைக்களஞ்சியத்தை முதலில் புரட்டலாம், எந்த இதழ்களைப் பார்க்கவேண்டும், கட்டுரைகள் எந்தத் தரவுத்தளத்தில் கிடைக்கும், நூற்பட்டியலில் என்ன சொல் போட்டுத் தேடவேண்டும், தடுமாறினால் எந்த நூலகரைக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழ்நாட்டில் ‘கைடு’ என்றதும் ஆய்வு மாணவரின் மனத்தில் வருபவர் பேராசிரியர். கையெழுத்துக்காக அவர் அறை வாசலில் நின்ற பொழுதுகளும் கூடவே வரும். இங்கே பேசப்படுவது வேறு கைடு. காகிதத்தில் பிறந்து இணையத்துக்குக் குடிபெயர்ந்தது.

இதன் பூட்டன் என்று அலெக்சாந்திரியாவின் கல்லிமாக்கஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் 120 சுருள்களில் தொகுத்த ‘பினாக்கஸ்’ பட்டியலைச் சொல்வதுண்டு. சூரிச் அறிஞர் கான்ராட் கெஸ்னர் 1545-ல் ஆசிரியர் பெயர் வரிசையிலும், 1548-ல் பொருள் வாரியாகவும் நூல்களைத் தொகுத்தார். ஆனால் இவர்களின் ஆசை எல்லாவற்றையும் சேர்த்துவிடவேண்டும் என்பது. வழிகாட்டியின் வேலை அதற்கு நேர்மாறானது: பெரும்பாலானவற்றை விட்டுவிட்டுச் சிலவற்றைக் கையில் கொடுப்பது.

அந்த வகையில் உண்மையான முன்னோடி அமெரிக்காவின் யேல் கல்லூரியில் இருந்த ஒரு மாணவர். வில்லியம் பிரடெரிக் பூல் அங்கே மாணவர் சங்கம் ஒன்றின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர். சொற்போருக்குத் தயாராகும் தோழர்கள் வந்து தலைப்பைச் சொல்லி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பதில் பழைய இதழ்களுக்குள் கிடக்கும். எந்த இதழ், எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. பூல் உட்கார்ந்து இதழ்களின் பொருளடக்கத்தைத் தலைப்பு வாரியாக எழுதினார். 1848-ல் அது அச்சேறியது. 1882-ல் பெருத்து ‘பூல் இண்டெக்ஸ்’ என்றே பெயர் பெற்றது. நூலகத் துறையின் ஒரு பெரிய கருவி, மறுநாள் மேடையேற வேண்டிய பையன்களின் அவசரத்தில் பிறந்தது.

வாசகரோடு பேசி உதவுவது நூலகரின் கடமை என்று வூஸ்டர் பொது நூலகத்தின் சாமுவேல் கிரீன் 1876-ல் பிலடெல்பியா மாநாட்டுக் கட்டுரையில் வாதிட்டார். 1902-ல் ஆலிஸ் குரோகர் உசாத்துணை நூல்களுக்கே ஒரு வழிகாட்டி எழுதினார்; பின்னர் வந்தவர்கள் அதைத் திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் கண்டார்கள். இதே எண்ணம் சென்னையிலும் வேர்விட்டது. சீர்காழியில் பிறந்த சி.இரா. அரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டன் சென்று நூலகவியல் படித்துத் திரும்பினார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஆய்வு வழிகாட்டிக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது.

இன்றைய வடிவம் பிறந்தது 1960-களின் கடைசியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். 1965-ல் அங்கே தொடங்கிய ‘இன்ட்ரெக்ஸ்’ திட்டத்தின் கனவு கணினி வழி நூற்பட்டியல். அதன் கிளையாகப் பார்க்கர் பொறியியல் நூலகத்தில் ஒரு மாதிரி நூலகத் திட்டம் நடந்தது. சார்லஸ் ஸ்டீவன்ஸ், மேரி கேன்ஃபீல்டு உள்ளிட்டோர் அங்கே உருவாக்கிய சிறு தாளுக்கு ‘பாத்ஃபைண்டர்’ என்று பெயர். இன்ட்ரெக்ஸ் 1973-ல் முடிந்தது. கணினித் திட்டம் பெற்றெடுத்த காகிதம்தான் நீண்டநாள் பிழைத்தது என்பது வேடிக்கை.

அந்தத் தாளைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். தலைப்பு அகலமாக இருக்காது; ‘இயற்பியல்’ என்று இராது, அதற்குள் ஒரு குறுகிய பொருளாக இருக்கும். கீழே அந்தப் பொருளின் எல்லையைச் சொல்லும் ஓரிரு வரிகள். அடுத்து, எளிய அறிமுகம் எந்த நூலில் உள்ளது என்ற குறிப்பு. பிறகு நூற்பட்டியலில் தேடவேண்டிய பொருள் தலைப்புகள், கையேடுகள், நூல்தொகைகள், கட்டுரைச் சுருக்க இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள். அவ்வளவுதான். அடிசன்-வெஸ்லி பதிப்பகம் இவற்றை அச்சிட்டு மற்ற நூலகங்களுக்கும் விற்றது.

பொருள் தலைப்புகளை அதில் ஏன் எழுதித்தர வேண்டும் என்று கேட்கலாம். நூலகத்தின் மொழி வேறு, நம் மொழி வேறு என்பதால்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்பு முறையில் 2010 வரை சமையல் புத்தகங்கள் ‘குக்கரி’ என்ற பழஞ்சொல்லின் கீழ்தான் இருந்தன. அதன்பிறகே ‘குக்கிங்’ ஆயின. மாரடைப்புக்கு வழக்குச் சொல்லான ‘ஹார்ட் அட்டாக்’ தலைப்பு ஆகாது, ‘மையோகார்டியல் இன்பார்க்‌ஷன்’ என்று இருக்கவேண்டும். தமிழர் பற்றிய நூல்களுக்கு ‘தமிழ் (இண்டிக் பீப்பிள்)’ என்று தலைப்பு. இதை யாராவது சொல்லித் தந்தால் ஒழிய எந்த மாணவருக்குத் தோன்றும்?

இணையம் வந்ததும் தாள் திரைக்கு மாறியது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 1994-ல் சமூக அறிவியலுக்கென ‘சோசிக்’ என்ற இணைய வாயிலைத் திறந்தது. இத்தகைய வாயில்கள் ஒன்றுசேர்ந்து 2006-ல் ‘இன்ட்யூட்’ ஆயின. நிதி நின்றதால் 2011-ல் அதன் பணி முடிந்தது. அமெரிக்க நூலகர்கள் ஆளுக்கொரு பக்கத்தை ஆளுக்கொரு பாணியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2007-ல் ஸ்பிரிங்ஷேர் நிறுவனம் ‘லிப்கைட்ஸ்’ மென்பொருளைக் கொண்டுவந்தபின் நிரல் தெரியாத நூலகரும் பெட்டி பெட்டியாகத் தகவலை அடுக்கிப் பக்கம் போட முடிந்தது.

எளிமையே வினையும் ஆனது. இடம் செலவில்லாததால் பட்டியல் நீண்டது. ஒரே பக்கத்தில் பத்துத் தாவல்கள், ஒவ்வொன்றிலும் இருபது இணைப்புகள். இதற்கு முன்பே, 2004-ல், ரோசெஸ்டர் பல்கலைக்கழக நூலகர்கள் பிரெண்டா ரீபும் சூசன் கிப்பன்ஸும் இந்த வழிகாட்டிகளை மாணவர்கள் அதிகம் தொடுவதில்லை என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணம் கூர்மையானது: நூலகர் ‘துறை’ என்று அடுக்குகிறார், மாணவர் தான் படிக்கும் ‘பாடத்தாள்’ வழியாக யோசிக்கிறார். பாடத்தாளுக்கென்றே தனி வழிகாட்டிகள் பெருகியதற்கு இதுவும் ஒரு தூண்டுதல். பூலிடம் வந்த பையன்களும் துறையைக் கேட்கவில்லை, நாளைய சொற்போரைத்தான் கேட்டார்கள்.

தமிழியலுக்கு இதில் தனிப் பங்குண்டு. அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாயில் 1962 முதல் இந்திய நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. அவற்றில் தமிழ் நூல்களும் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூலகர் மோரீன் பேட்டர்சன் 1981-ல் வெளியிட்ட பெரும் நூல்தொகை அத்துறை வழிகாட்டிகளுக்கு அடிப்படை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்க உதவியதும் அதே பல்கலைக்கழகம்தான்.

இவ்வழிகாட்டிகளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நூலக முகப்பில் ‘ரிசர்ச் கைட்ஸ்’ அல்லது ‘சப்ஜெக்ட் கைட்ஸ்’ என்று இருக்கும். சில இடங்களில் ‘உதவி’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். உள்ளே பொருள் வாரியாகவும் நூலகர் பெயர் வாரியாகவும் வரிசைப்படுத்தலாம். தரவுத்தளங்கள் கடவுச்சொல் கேட்கும், ஆனால் வழிகாட்டிப் பக்கம் பெரும்பாலும் யாருக்கும் திறந்தே இருக்கும். ஆகவே கும்பகோணத்தில் இருக்கும் ஒருவர் சிகாகோவின் பட்டியலைப் பார்த்து நூல்பெயர்களைக் குறித்துக்கொண்டு, தம் ஊர் நூலகத்திலோ இந்திய ஆய்வேடுகளின் ‘ஷோத்கங்கா’ தளத்திலோ தேடலாம். பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். அதை முதலில் பாருங்கள். சில ஆண்டுகள் பழையதென்றால் இணைப்புகளை நம்பவேண்டாம், பக்கத்திலேயே இருக்கும் நூலகரின் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.