சீழ்க்கையடித்த எரிகற்கள்

பண்பலை வானொலியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. நிலத்தின் வளைவைப் பின்பற்றி அவை வெகுதொலைவு வளைவதில்லை என்பதால், உயர்ந்த கோபுரத்திலிருந்து ஒலிபரப்பினாலும் நூறு கிலோமீட்டரைக் கடந்த சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடுகின்றன. சிற்றலைக்கு இக்குறை இல்லை. கதிரவனின் ஒளியால் காற்றின் அணுக்களும் மூலக்கூறுகளும் எலக்ட்ரான்களை இழந்து மின்னேற்றம் பெற்றிருக்கும் மேல்வளி அடுக்கான அயனி மண்டலம், சிற்றலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பண்பலையோ பெரும்பாலும் அந்த அடுக்கையும் ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடுகிறது. ஆயினும் ஆண்டின் சில இரவுகளில், நிலையம் ஏதும் இல்லாத அலைவரிசையில் வெறும் இரைச்சலை எழுப்பிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒரு நிலையத்தின் அரைச் சொல்லோ பாட்டின் துணுக்கோ திடீரெனத் தெளிவாக எழுந்து அடங்குவது உண்டு. எரிகற்களே இதற்குக் காரணம் என்பது உறுதிப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளில் இதைக் கண்டவர்களுள் பெரும்பாலோர் எரிகற்களைத் தேடிச் சென்றவர்கள் அல்லர், தம் வேலைக்கு இடையூறாக வந்த ஓர் ஓசையின் மூலத்தைத் தேடியவர்கள்.

வரலாற்றுக்குள் நுழையுமுன், நிகழ்வின் இயக்கத்தைச் சற்று விளக்கிக்கொள்வது நலம். வால்வெள்ளிகள் தம் பாதையில் உதிர்த்துவிட்டுப் போகும் மணல்மணி போன்ற துகள்கள், விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் காற்றுமண்டலத்தில் புகுந்து, தரையிலிருந்து 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஆவியாகின்றன. அப்போது பல கிலோமீட்டர் நீளத்துக்கு மின்னேற்றம் பெற்ற மெல்லிய தடம் ஒன்று உருவாகி, காற்றில் பரவிக் கரையும் வரை வானொலி அலைகளைத் திருப்புகிறது. சிறு துகளின் தடம் விநாடியின் ஒரு பகுதிக்கே நிலைக்கும். பெரிய துகளின் அடர்ந்த தடம் பல விநாடிகளும், அரிதாகச் சில நிமிடங்களும் நிலைப்பதுண்டு. தடம் இருக்கும் உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால் இவ்வழியாக எட்டக்கூடிய தொலைவு சுமார் 2,000 கிலோமீட்டர். அலையின் நீளம் குறையக் குறைய எதிரொலிக்கும் நேரமும் விரைந்து குறைவதால், 50 மெகாஹெர்ட்ஸில் எளிதாகக் கிடைப்பது 144 மெகாஹெர்ட்ஸில் அரிதாகிவிடுகிறது.

எரிகல் பொழிவுகள் வானொலிப் பரவலைப் பாதிக்கக்கூடும் என்று 1929இல் எழுதியவர், அணுவைச் சனிக்கோளுக்கு ஒப்பிட்டு 1904இலேயே புகழ்பெற்றிருந்த ஜப்பானிய இயற்பியலாளர் ஹன்டாரோ நாகவோகா. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்கெல்லெட் இதன் இயற்பியலை வகுத்தார். ஷேஃபர், குடால் என்னும் அவருடைய சக ஆய்வாளர்கள் நவம்பர் மாதத்து லியோனிட் பொழிவின்போது அயனி மண்டலத்தை அளந்து பார்த்தனர். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ராவும் சியாம், கோஷ் ஆகியோரும் செய்த இதே வகை அளவீடு 1934இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. இவையெல்லாம் ஒரு பொழிவு முழுவதும் சேர்ந்து அயனி மண்டலத்தை எவ்வளவு தடிப்பாக்குகிறது என்று கேட்ட ஆய்வுகள். தனியொரு எரிகல்லைக் காதால் கேட்கலாம் என்ற எண்ணம் அவற்றில் இல்லை.

அதைக் கேட்டவர்கள் டெல்லியில் இருந்தனர். அகில இந்திய வானொலியின் பொறியாளர்களான சமன்லால், வெங்கட்ராமன் இருவரும், சிற்றலை நிலையத்தின் ஒலிபரப்பை ஏற்பி வழியே கேட்கும்போது, அவ்வப்போது ஒரு சீழ்க்கை எழுந்து, உச்சத் தொனியிலிருந்து விரைவாகக் கீழிறங்கி மறைவதைக் கவனித்தனர். வானொலிப் பெட்டியில் சீழ்க்கை கேட்பது அந்நாளில் புதுமையல்ல. அலைவரிசை பிசகினால் எல்லாப் பெட்டிகளும் சீழ்க்கையடிக்கும் என்பதால், வேறு எவரும் திருகைச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பர். இவர்களோ அந்த இறங்குதொனிக்கு டாப்ளர் விளைவு, அதாவது நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் அதன் வேகத்துக்கேற்ப மாறித் தோன்றும் விளைவு, காரணமாக இருக்க வேண்டும் என்று கண்டனர். நிலையத்திலிருந்து நேரே வரும் அலையும், பாய்ந்துவரும் எரிகல்லின் முகப்பில் பட்டுச் சற்றே கூடிய அதிர்வெண்ணோடு திரும்பும் அலையும் ஏற்பியில் கலக்கும்போது, இரண்டின் வேறுபாடு காதுக்கு எட்டும் ஒலியாகிறது. முப்பது மீட்டர் அலையில் இயங்கும் நிலையத்தை நோக்கி விநாடிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கல் வந்தால் அவ்வேறுபாடு சுமார் 2,700 ஹெர்ட்ஸ். அது மனிதக் காது கூர்ந்து கேட்கும் எல்லைக்குள் அடங்கும் தொனியாகும். கல்லின் பாதை நோக்குகோட்டுக்குக் குறுக்கே திரும்பத் திரும்ப வேறுபாடு குறைவதால் சீழ்க்கையும் இறங்குகிறது. 'சீழ்க்கையடிக்கும் எரிகற்கள்' என்ற தலைப்பில் 1941 நவம்பரில் பெங்களூரின் 'எலெக்ட்ரோடெக்னிக்ஸ்' இதழில் இது வெளியானது. உலகப்போரின் நடுவே ஓர் இந்திய இதழில் வந்த கட்டுரை அடைய வேண்டிய கவனத்தை அடையவில்லை. பின்னாளில் ரேடாரின் பெயரால் நிலைபெற்ற புகழுக்கு முன் அது மங்கிப்போனது நியாயமன்று.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் இது நிர்வாகச் சிக்கலாக வந்தது. அங்கே பண்பலை ஒலிபரப்பு அப்போது 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் நடந்தது. தொலைதூர நிலையங்களின் நொடிநேரச் சிதறல்கள் குறுக்கிடுவதைத் தகவல்தொடர்பு ஆணையத்தின் பொறியாளர்கள் பதிவுசெய்து ஆராய்ந்தனர். 1945இல் பண்பலை 88–108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றப்பட்டது. பண்பலையைக் கண்டுபிடித்த ஆர்ம்ஸ்ட்ராங் அம்மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்த கதை தனி அத்தியாயத்துக்குரியது.

இங்கிலாந்தில் இடையூறு உயிர்ப்பிரச்சினையாகவே இருந்தது. ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகளை முன்னறிய, பீரங்கிகளுக்கான ரேடார்களை வான்நோக்கிச் சாய்த்து வைத்தபோது, ஏவுகணை ஏதும் வராத வேளைகளிலும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிநேர எதிரொலிகள் வந்து பொய் எச்சரிக்கைகளை எழுப்பின. படைத்துறை ஆய்வாளரான ஸ்டான்லி ஹே, போர் முடிந்ததும் இவற்றை ஆராய்ந்து, எரிகற்களால் எழுந்தவை என்று காட்டினார். அதே வேளையில் இயற்பியலாளர் பெர்னார்டு லவல், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் உண்டாக்கும் பொழிவுகளை ரேடாரில் பிடிக்க எண்ணி, மான்செஸ்டர் நகரத்து டிராம் வண்டிகளின் மின்னிரைச்சலுக்குத் தப்பி, 1945 டிசம்பரில் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் நிலமான ஜோட்ரல் பாங்க்குக்குப் படைத்துறை ரேடார் வண்டிகளோடு சென்றார். அவர் தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தவை எரிகற்கள். வானியலில் பழக்கமில்லாத அவருக்கு உதவியவர், தொழிலால் வழக்குரைஞரும் ஆர்வத்தால் எரிகல் நோக்குநருமான பிரென்டிஸ். திறந்த வெளியில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி அவர் கண்ணால் கண்டு சொல்வதும், ரேடார்த் திரையில் தெரிவதும் ஒப்பிடப்பட்டன.

1946 அக்டோபர் 9–10 இரவில், ஜியாகோபினி-ஸின்னர் வால்வெள்ளியின் துகள்திரளைப் பூமி கடந்தபோது, மணிக்குச் சில என்றிருந்த எதிரொலிகள் சில மணி நேரத்தில் பன்மடங்கு பெருகின. பொழிவின் உச்சத்தில் லவல் துணிந்து ஒரு சோதனை செய்தார். எரிகற்கள் புறப்படுவதாகத் தோன்றும் வான்புள்ளியான கதிர்ப்புள்ளியை நோக்கியே ஆண்டெனாவைத் திருப்பினார். எதிரொலிகள் ஏறக்குறைய நின்றே போயின. ரேடாரின் கதிர் தடத்துக்குச் செங்குத்தாகப் படும்போதே, கண்ணாடியில் பட்டது போல, அது திரும்பி வருகிறது என்பது இதனால் ஐயமற உறுதியாயிற்று. 1947 கோடையில் கண்ணுக்கே தெரியாத பகல்நேரப் பொழிவுகளும் அங்கே கண்டறியப்பட்டன. கதிரவனைச் சுற்றும் துகள் பூமியின் தொலைவில் பெறக்கூடிய உச்ச வேகம் விநாடிக்கு 42 கிலோமீட்டர், பூமியின் சொந்த வேகம் 30, ஆக மொத்தம் 72. அளந்த வேகங்கள் இவ்வெல்லையை மீறவில்லை என்பதால், எரிகற்கள் விண்மீன்வெளியிலிருந்து வருபவை என்ற பழைய வாதமும் தளர்ந்தது.

இதன் பிறகு இடையூறே கருவியாயிற்று. 1954 அக்டோபரில் டென்னசியிலும் நியூஜெர்சியிலும் இருந்த இரு அமெச்சூர் வானொலியாளர்கள், தம் அழைப்புக்குறிகளை முறைவைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பி, 144 மெகாஹெர்ட்ஸில் எரிகல் தடங்களின் வழியே முதல் இருவழித் தொடர்பை முடித்தனர். கனடாவின் பாதுகாப்பு ஆய்வுத் துறை, இருமுகம் கொண்ட ரோமானியத் தெய்வமான ஜானஸின் பெயரைத் தழுவி 'ஜேனட்' என்ற அமைப்பை உருவாக்கியது. செய்திகளைச் சேமித்து வைத்து, தடம் தோன்றியதும் ஒரே பாய்ச்சலில் அனுப்புவது அதன் முறை. அமெரிக்க வேளாண்துறையின் 'ஸ்னோடெல்' வலையமைப்பு, மேற்கு மலைகளின் பனியளவை 1970களின் இறுதியிலிருந்து பல்லாண்டுகள் இதே வழியில்தான் திரட்டியது. இரட்டைத் துடிப்புமீனைக் கண்டதற்காக 1993இல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர், 2001இல் எரிகல் தடங்களுக்கென்றே ஒரு கணினி நிரலை எழுதி வெளியிட்டதால், பெரிய ஆண்டெனா இல்லாதவர்களுக்கும் இது எட்டும் வேலையாயிற்று.

கேட்டுப் பார்க்க விரும்பும் வாசகருக்கு டிசம்பர் 13, 14 தேதிகளின் ஜெமினிட் பொழிவே ஏற்றது. நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் அதன் கதிர்ப்புள்ளி தமிழகத்தில் தலைக்கு மேல் நெருங்கிவிடுவதால், லவலின் சோதனை காட்டியபடி அந்நேரம் வானொலிக்கு உகந்ததன்று. இரவு 11 மணியை ஒட்டியோ விடியலுக்குச் சற்று முன்னரோ, நகரத்து நிலையங்களிலிருந்து விலகிய இடத்தில், வெறும் இரைச்சல் மட்டுமே உள்ள பண்பலை அலைவரிசை ஒன்றில் பெட்டியை வைத்துக் காத்திருக்க வேண்டும். துணுக்கு கேட்ட நிமிடத்தையும் மொழியையும் குறித்துக்கொண்டால், அது எந்த ஊர் நிலையம் என்பதைப் பிறகு தேடிக் கண்டுகொள்ளலாம்.

(தொடரும்)